ஆறு ஃபிரிட்ஜ் உள்ள ஏழை வீடு

வக்கீல் என்பது அவள் படித்து வாங்கிய பட்டமல்ல. மூன்று வயதில், எதிர்வீட்டுக் குழந்தையின் விரலை ஏன் கடித்தாய் என்று அம்மா அதட்டியபோது, அவள் விரல் என் வாய்க்குள் எதற்கு வந்தது என்று திருப்பிக் கேட்டாளாம். அன்றைக்கு மாமா வைத்த பெயர். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்து வருகைப் பதிவைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயருக்கு வேலையே இருக்கவில்லை.

பதினாறு வயதில் வக்கீலிடம் இருந்த பெரிய வழக்கு கணக்குப் பாடம். அவளுடைய பள்ளியில் கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்றுப் போனார். அவர் நாற்காலி காலியானது, காலியாகவே இருந்தது. அடுத்த மாதம் ஆள் வரும், அடுத்த வருஷம் வரும் என்று தலைமையாசிரியர் சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது. கணக்கு வேளையில் விளையாட்டு வாத்தியார் வந்து உட்காருவார். அவருக்குக் கணக்கு என்றால் ஆகாது. அதை அவர் மறைத்ததும் இல்லை. யாராவது சந்தேகம் கேட்டால், மைதானத்தைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடிவிட்டு வா, தெளிந்துவிடும் என்பார். அந்த வகுப்பில் கணக்கில் அதிகச் சந்தேகம் உள்ளவர்கள் எல்லோருக்கும் கால் மட்டும் இரும்பு மாதிரி ஆகியிருந்தது.

வக்கீல் ஓடி ஓடிப் பார்த்தாள், தெளியவில்லை. பழைய புத்தகக் கடையில் கிடைத்ததை வாங்கிப் படித்தாள். அப்பாவின் கைபேசியில், கீறல் விழுந்த திரையில், யாரோ ஒருவர் கரும்பலகையையே பார்த்தபடி பாடம் நடத்துவதைப் பார்த்துப் பார்த்துப் படித்தாள். கற்றதைப் பக்கத்துப் பெஞ்சுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நன்றாகச் சொல்லித் தருகிறாய் என்று தோழிகள் மெச்சினால் அவளுக்குக் கோபம்தான் வரும். எனக்கே பாதிதான் புரிந்தது, அந்தப் பாதியில் பாதிதான் உங்களுக்கு வந்து சேரும், இதற்கு எதற்கடி பாராட்டு என்று எரிந்து விழுவாள்.

நகரத்தின் மறுகோடியில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே பாடத்துக்கு ஒரு வாத்தியார், வேதியியலுக்கு ஒரு கூடம், இயற்பியலுக்கு ஒரு கூடம், மீன்களே பொறாமைப்படும்படி ஒரு நீச்சல் குளம். அதை நடத்தும் டிரஸ்ட், வசதியில்லாத பிள்ளைகளில் கெட்டிக்காரர்களாகப் பார்த்து வருஷத்துக்கு ஒரு சிலரைப் பொறுக்கி, கடைசி இரண்டு வகுப்புகளை இலவசமாகப் படிக்க வைக்கும். விடுதியும் சாப்பாடும் சேர்த்து. நுழைவுத் தேர்வுக்கு வக்கீல் போனாள், எழுதினாள், முதல் வரிசையில் வந்தாள். வீடே குதித்தது. அடுத்த நாள் வந்த குறுஞ்செய்தியில்தான் வில்லங்கம். குடும்பத்தின் நிலையை நேரில் கண்டு உறுதி செய்ய எங்கள் பிரதிநிதி வருவார் என்றிருந்தது.

வரட்டுமே, நாம் ஏழை என்பதை யார் மறைத்தது என்றுதான் அப்பா முதலில் சொன்னார். சொன்ன கையோடு திரும்பி வீட்டைப் பார்த்தார். 

இரண்டு அறை வீடு. அதில் ஆறு ஃபிரிட்ஜ்.

அப்பா ஃபிரிட்ஜ் மெக்கானிக். கடை எடுக்க வழியில்லாததால் வீடுதான் பட்டறை. வாசலை ஒட்டி இரண்டு, கட்டில் பக்கத்தில் ஒன்று, அடுப்படியில் ஒன்று, குளியலறைக் கதவைப் பாதி மறைத்துக்கொண்டு ஒன்று. ஒன்றுக்குக் கதவில்லை, ஒன்றுக்கு மோட்டாரில்லை, ஒன்று மட்டும் எதற்கென்றே தெரியாமல் முனகிக்கொண்டிருக்கும். ஆறாவதன் சொந்தக்காரர் வெளிநாடு போனவர் திரும்பவே இல்லை. அதை வக்கீல் அலமாரியாக்கிக் கொண்டாள். கீழ்த்தட்டில் புத்தகம், முட்டை வைக்கும் குழிகளில் பேனாவும் அழிரப்பரும், ஐஸ் பெட்டியில் காலுறை. ஆறில் ஒன்று கூட அவர்களுடையதல்ல, ஒன்று கூடக் குளிராது. அந்த வீட்டில் யாருக்காவது ஜில்லென்று தண்ணீர் குடிக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும்.

அம்மாவைப் பார்த்தாலும் ஏழை என்று சத்தியம் செய்ய முடியாது. அழகு நிலையத்தில் புருவம் திருத்துவதும் முகம் துடைப்பதும் அவள் வேலை. வருகிற பெண்கள் முதலில் வேலைக்காரியின் முகத்தைப் பார்த்துத்தான் உட்காருவதா ஓடுவதா என்று முடிவு செய்வார்கள் என்பது முதலாளியம்மாவின் கொள்கை. அதனால் பாட்டிலின் அடியில் மிச்சமிருக்கும் நகப்பூச்சு, காலாவதியாக இன்னும் சில நாளே இருக்கும் முகப்பூச்சு எல்லாம் அம்மாவுக்கு. காய்கறி வாங்கப் போனாலும் கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரிதான் போவாள். கடைக்காரர்கள் அவளிடம் மட்டும் விலையைக் கூட்டிச் சொல்வார்கள்.

அவசர ஆலோசனைக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவர். எந்தப் பிரச்சினைக்கும் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவார்.

"மச்சான், இந்த வீட்டுல வறுமையே தெரியல. அக்காவைப் பாத்தா வீட்டு ஓனர் மாதிரி இருக்கு. மொத்தமா மாத்தணும்."

நாம் உண்மையிலேயே ஏழைகள்தானே, இதில் நடிக்க என்ன இருக்கிறது என்று வக்கீல் கேட்டாள்.

"நிஜமா அழறவங்க இருக்காங்களே, கேமராவுல பாத்தா தும்மல் வந்த மாதிரிதான் தெரிவாங்க. கொஞ்சம் கூட்டி அழுதாதான் அழுகைன்னே தெரியும். என் சர்வீஸ்ல எத்தனை பொண்ணு வீட்டைப் பாத்திருக்கேன்."

வக்கீலிடம் பதில் தயாராக இருந்தது. ஆனால் அந்த இடம் அவளுக்கு வேண்டும். வாயை மூடிக்கொண்டாள். அவள் வாயை மூடியதைப் பார்த்தபோதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று அம்மாவுக்கு உறைத்தது.

பிரதிநிதி வருகிற அன்று காலையிலிருந்தே வீடு அல்லோலகல்லோலப்பட்டது. தெருவே கை கொடுத்தது. ஒரு ஃபிரிட்ஜ் பக்கத்து வீட்டுக்கு, இரண்டு தையற்கடைக்கு, ஒன்று மாடிப்படிக்குக் கீழே, மிச்சமிருந்தவை பின்சந்தில் தார்ப்பாய்க்கு அடியில். அலமாரி ஃபிரிட்ஜைத் தூக்கும்போது ஐஸ் பெட்டி திறந்து வக்கீலின் காலுறைகள் தெரு முழுக்கச் சிதறின. மாமா கரித்துண்டை எடுத்துச் சுவரில் அங்கங்கே தேய்த்தார். வாரா வாரம் அந்தச் சுவரைத் துடைத்துத் துடைத்தே தோள்பட்டை இறங்கிப்போன அம்மா, கூடப் பிறந்தவன் என்றும் பார்க்காமல் துடைப்பத்தை எடுத்துவிட்டாள். அப்பா நடுவில் புகுந்து சமாதானம் செய்தார். கை விரல்களில் நகப்பூச்சைத் துடைக்க அம்மா சம்மதித்தாள். கால் விரல்களைக் கேட்டபோது முடியாதென்றுவிட்டாள். ஏழைக்குக் கால் இருக்கிறதா என்று யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை என்பது அவள் வாதம். மகளுக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்யத் தேவையில்லை. அப்பாவுக்குக் கொடுக்கப்பட்ட ஒரே வேடம், அவ்வப்போது இருமுவது.

டிரஸ்டிலிருந்து ஒரு மேடம் வந்தார். கூட ஒரு போட்டோகிராபர். மேடத்தைத் திட்ட வேண்டுமென்று வக்கீல் எவ்வளவோ ஆசையோடு இருந்தாள். வந்தவரோ செருப்பை வாசலிலேயே கழற்றினார், அலைந்து களைத்த முகத்தோடு தண்ணீர் கேட்டுக் குடித்தார், வெறும் தரையில் தயங்காமல் உட்கார்ந்தார். திட்டுவதற்கு எந்த இடமும் கொடுக்கவில்லை. அதுவே வக்கீலுக்கு எரிச்சலாக இருந்தது.

அப்பா இருமினார். நன்றாகவே இருமினார். மாமா மூலையில் நின்று மெச்சுகிற மாதிரி தலையை ஆட்டினார். காசநோய்ப் பரிசோதனை செய்தாயிற்றா, வீட்டில் தொற்று இருந்தால் பிள்ளையை விடுதியில் சேர்க்க முடியாதே என்று மேடம் கவலையோடு கேட்டார். அப்பாவின் இருமல் அந்த நொடியில் குணமானது. அதற்குப் பிறகு அவருக்கு இருமலே வந்ததில்லை.

மற்றபடி எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மேடம் கேட்பதும் கையிலிருந்த டேப்லெட்டில் தட்டுவதுமாக இருந்தார். டிவி இல்லை, ஏசி இல்லை, வண்டி ஒன்று, அதுவும் தள்ளினால்தான் ஓடும். ஃபிரிட்ஜ் உண்டா என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். அவர் இல்லை என்று சொல்லியிருப்பாரா, உண்டு என்று சொல்லியிருப்பாரா என்பது இன்றுவரை அந்த வீட்டில் தீராத சர்ச்சை. ஏனென்றால் அதே நேரத்தில் ஜூஸ் கடைக்காரர் உள்ளே வந்தார்.

அவர் தன்னுடைய ஃபிரிட்ஜை வாங்கிப் போக வந்தவர். பழக்கப்பட்ட மூலையைப் பார்த்தார், அங்கே ஃபிரிட்ஜ் இல்லை. அடுத்த மூலையையும் பார்த்தார். வீடே துடைத்து வைத்தாற்போல் இருந்தது. அப்பா எல்லாவற்றையும் விற்றுச் சுருட்டிக்கொண்டு ஓடப் போகிறார் என்று அந்த மனிதர் நினைத்ததில் தப்பே இல்லை. என் ஃபிரிட்ஜ் எங்கே என்று ஆரம்பித்தார். அப்பா கண்ணைக் காட்டினார். கண்ணை உருட்டினால் பயந்துவிடுவேனா என்று அவர் குரலை உயர்த்தினார். மாமா அவரைத் தோளோடு அணைத்து வெளியே தள்ளிப் பார்த்தார். அடிக்கிறார்கள் என்று அவர் கத்தினார்.

கத்தல் தெருவுக்குப் போனது. வந்தவர்கள் போய்விட்டார்கள், ஃபிரிட்ஜ் கேட்கிறார்கள் போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் முடிவு செய்தார்கள். உதவி செய்வதில் அந்தத் தெருவை அடித்துக்கொள்ள ஆளில்லை. முதல் ஃபிரிட்ஜ் வாசல் வழியாகப் பக்கவாட்டில் நுழைந்தது. ஓரம், ஓரம் என்று யாரோ சொன்னார்கள். தரையில் இருந்த மேடம் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். பின்னாலேயே தையற்காரர் இரண்டாவதோடு வந்தார். மூன்றாவது, நான்காவது. கடைசியாக வந்த அலமாரி ஃபிரிட்ஜுக்குள் காலுறைகளைக் கூட யாரோ பொறுக்கி, ஜோடி சேர்த்துப் போட்டிருந்தார்கள். அறை நிறைந்ததும் எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, வேறு ஏதாவது தூக்க வேண்டுமா என்று கேட்டார்கள்.

மேடம் சுவரிலிருந்து மெல்ல விலகினார். அவருடைய வெள்ளை மேல்சட்டையின் முதுகு முழுக்க மாமாவின் கரி. அம்மாவுக்கு உயிரே போனது. ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து துடைத்தாள், அது இன்னும் பரவியது. போட்டோகிராபர் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார்.

அப்பா தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். மேடம் கேட்டுக்கொண்டார். பிறகு டேப்லெட்டில் எண்ணிக்கையைத் தட்டினார். வசதியான வீடு, தகுதியில்லை என்று திரை சிவப்பானது.

"மேடம், பேங்க் வாசல்ல ஒரு வாட்ச்மேன் நிப்பாரே, அவரையும் கோடீஸ்வரர்னுதான் இதுல போடுவீங்களா?" என்றாள் வக்கீல்.

"எனக்குப் புரியுதும்மா. இதுக்குத்தான் புரியாது," என்றார் மேடம், டேப்லெட்டைக் காட்டி. அவர் குரலில் கிண்டல் இல்லை. கொஞ்சம் தயங்கிவிட்டு, வேறு ஏதாவது எழுத முடிந்தால் ஒருவேளை ஈடுகட்டலாம் என்றார். நன்கொடையாளர்கள் எண்ணைப் பார்ப்பதில்லை, கதையைப் பார்க்கிறார்கள். வீட்டில் பெரிய இழப்பு ஏதாவது உண்டா? யாராவது தவறிப்போனார்களா?

வக்கீல் சுற்றிப் பார்த்தாள். அப்பா, அம்மா, மாமா, எல்லோரும் ஃபிரிட்ஜுகளுக்கு நடுவில் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்கள்.

"எல்லாரும் உயிரோடதான் இருக்காங்க மேடம். மன்னிச்சிருங்க. பரீட்சையில கணக்கு, அறிவியல், மொழின்னு மூணு தாள்தான் இருந்துச்சு. அழுகைன்னு நாலாவது தாள் இருக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தா படிச்சிட்டு வந்திருப்பேன்."

மேடம் டேப்லெட்டை மூடினார். முதுகில் கரியோடு படியிறங்கிப் போனார்.

முடிவு வந்தது. தேர்வாகவில்லை, காத்திருப்போரில் முதல் இடம். காத்திருப்போரில் இரண்டாம் இடம் என்று ஒருவர் இருப்பதாகத் தெரியவில்லை. மாமா கொஞ்ச நாள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அம்மா அழகு நிலையத்திலிருந்து இருப்பதிலேயே பளிச்சென்ற சிவப்பைக் கொண்டுவந்து, கை நகங்களில் ஒன்றின் மேல் ஒன்றாக அப்பினாள். யார் மீதோ வஞ்சம் தீர்ப்பது போல இருந்தது.

அப்பாதான் ஒரு மத்தியானம், ஒரு ஃபிரிட்ஜின் முதுகைக் கழற்றிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "நான் வேற ஏதாவது தொழில் கத்திருக்கலாம்மா."

  வக்கீல் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தின் மீது வந்ததை விட, தன் அப்பாவை இப்படிச் சொல்ல வைத்த அந்தச் சிவப்புத் திரையின் மீதுதான் அவளுக்கு அதிகமாகக் கோபம் வந்தது.

பள்ளி திறந்து கொஞ்ச நாளில் மேடமே தொலைபேசியில் அழைத்தார். ஒரு பெண் விலகுகிறாள், இடம் காலியாகிறது, உடனே வரச் சொன்னார். தள்ளினால் ஓடும் வண்டியைத் தெருவே சேர்ந்து தள்ளிவிட்டது.

அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் ஒரு பெண் தகரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். ஒல்லியாக, இரண்டு தோளும் காதைத் தொடுகிற மாதிரி குறுகி உட்கார்ந்திருந்தாள். விடுதியில் அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்பா வண்டியை நிழலில் நிறுத்தப் போன நேரத்தில் வக்கீல் அவளிடம் பேச்சுக் கொடுத்தாள். விலகுகிறவள் அவள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. பாடம் கஷ்டமா என்று கேட்டாள். இல்லை, பாடம் ரொம்பப் பிடித்திருக்கிறது என்றாள் குருவி.

கஷ்டம் வேறு இடத்தில். குருவியின் அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்தவர். அதைத் தேர்வின்போது சொன்னாள். சேர்ந்த பிறகு வரவேற்பு விழாவில் மைக்கைக் கொடுத்து மறுபடி சொல்லச் சொன்னார்கள். யாரோ பெரிய மனிதர் வந்தார், அவருக்கும் சொன்னாள். படம் எடுத்தார்கள், படத்துக்கும் சொன்னாள். அடுத்த கூட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்லும்படி ஒத்திகை பார்த்தார்கள்.

"நேத்து சொல்றப்போ எனக்கு அழுகையே வரல," என்றாள் குருவி. "அப்பா விழுந்ததைச் சொல்றேன், பாடம் ஒப்பிக்கிற மாதிரி வருது. பயமாயிருச்சு. போயிடலாம்னு தோணுச்சு."

 இந்த இடம் இப்போது வக்கீலுடையது. உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். அதற்காகத்தான் அம்மா நகப்பூச்சைத் துடைத்தாள், அப்பா பொய் இருமல் இருமினார். இருந்தும் தகரப்பெட்டியைத் தாண்டிப் போகக் கால் வரவில்லை. தன் மேலேயே எரிச்சலோடு குனிந்து பெட்டியைத் தூக்கினாள், குருவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கதவைத் தட்டாமல் உள்ளே போனாள்.

மேடம் நிமிர்ந்தார். பள்ளி முதல்வரும் அங்கே இருந்தார். வக்கீலின் முதல் கேள்வி, வகுப்பில் நாற்காலி எத்தனை காலியாக இருக்கிறது என்பது. நாற்காலிக்கென்ன, இருக்கிறது என்றார் முதல்வர். அப்படியானால் இத்தனை பேர்தான் என்று ஏன் பொறுக்குகிறீர்கள் என்றாள். விடுதியில் கட்டில் அவ்வளவுதான் என்றார் மேடம். கட்டில் இவளுக்கு இருக்கட்டும், எனக்கு நாற்காலி போதும், நான் பஸ்ஸில் வந்துவிட்டுப் போகிறேன் என்றாள் வக்கீல். இவ்வளவு தூரம் தினமும் வர முடியுமா என்று முதல்வர் கேட்டார். அது என் கால் சம்பந்தப்பட்டது, விளையாட்டு வாத்தியார் புண்ணியத்தில் அதற்குக் குறைச்சல் இல்லை என்று சொன்னாள். முதல்வருக்கு அது விளங்கவில்லை.

வீட்டிலிருந்து வந்து படிக்கிறவருக்கு இலவச இடம் கொடுத்த வழக்கமில்லை என்று அவர் இழுத்தார். கொடுக்கக் கூடாதென்று விதி இருக்கிறதா என்று வக்கீல் கேட்டாள். முதல்வர் மேடத்தைப் பார்த்தார். மேடம் கொஞ்ச நேரம் பேனாவையே உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம், அப்படி விதி எதுவும் இல்லை என்றார். அதைச் சொல்ல அவருக்குப் பிடித்திருந்தது போலவும் இருந்தது. இவளை இனி மேடையேற்றக் கூடாது என்றாள் வக்கீல். நன்கொடையாளர் கூட்டத்தில் யாராவது பேசியாக வேண்டும், அதிலிருந்து தப்ப முடியாது என்றார் மேடம்.

"பேசறதுதானே? அதுக்கு இவ எதுக்கு? நான் இருக்கேன்," என்றாள் வக்கீல். வெளியே நிழலில் நின்றிருந்த அப்பாவுக்கு இந்த வாக்கியம் மட்டும் ஜன்னல் வழியாகக் கேட்டது. அவருக்கு நிஜமாகவே இருமல் வரும்போல் இருந்ததாம்.

நன்கொடையாளர் கூட்டம் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல். மேடையில் பூ, முன்வரிசையில் மெத்தை நாற்காலிகள். அம்மா சிவப்பு நகங்களோடு வந்தாள். அவளையும் நன்கொடையாளர் என்று நினைத்து வாசலில் இருந்தவர் முன்வரிசையில் உட்கார வைத்தார். அம்மா மறுப்பேதும் சொல்லாமல் போய்ச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். மாமா அழைக்காமலே கேமராவோடு வந்திருந்தார்.

நீ பட்ட கஷ்டத்தைச் சொல்லம்மா என்று மைக்கைக் கொடுத்தார்கள். வக்கீல் விளையாட்டு வாத்தியாரைப் பற்றிச் சொன்னாள். சந்தேகம் கேட்டவர்கள் ஓடிய ஓட்டத்தைச் சொன்னாள். முக்கோணத்துக்கு ஒரு சுற்று, இயற்கணிதத்துக்கு இரண்டு சுற்று என்று கணக்கு வைத்திருந்ததைச் சொன்னாள். ஒருத்தி வட்டத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சாயங்காலம் வரை நிற்காமல் ஓடியதைச் சொன்னாள். இது கொஞ்சம் அவளாகச் சேர்த்தது. முன்வரிசை குலுங்கியது. ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கூரை ஓடு வியாபாரத்தில் பெரிய ஆளாம். சிரிப்பு அடங்கட்டும் என்று வக்கீல் காத்திருந்தாள்.

"நான் இங்க வந்துட்டேன். அவங்க இன்னும் ஓடிட்டுதான் இருக்காங்க. இங்க என்னை மாதிரி ஒண்ணு ரெண்டு பேரைத் தூக்கிட்டு வர்றீங்க, நல்லதுதான். ஆனா ஒரு வாத்தியாரை அங்க அனுப்பியிருந்தா நான் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம்."

 முதல்வர் வேகமாக எழுந்து வந்து, இனிமையான உரைக்கு நன்றி என்று சொல்லி மைக்கை வாங்கிக்கொண்டார். கைதட்டலாமா வேண்டாமா என்று எல்லோரும் அக்கம்பக்கம் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து அம்மா மட்டும் தட்டினாள். நன்கொடையாளர் ஒருவரே தட்டுகிறார் என்று மற்றவர்களும் தட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் நடைபாதையில் மேடம் அவளை நிறுத்தினார். உன்னை இனி மேடை ஏற்ற மாட்டார்கள் என்றார். குருவியை ஏற்றுவார்களா என்று வக்கீல் கேட்டாள். இப்போதைக்கு யாரையும் ஏற்றுவதாக இல்லை, பயத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு மேடம் போனார்.

கண்ணைத் துடைத்த கூரை ஓடு வியாபாரி என்ன நினைத்தாரோ தெரியாது. சில வாரங்களில் வக்கீலின் பழைய பள்ளிக்கு ஒரு கணக்கு வாத்தியார் வந்து சேர்ந்தார். ஒரு வருஷத்துக்குத்தான் ஏற்பாடு. அதற்குப் பிறகு என்ன என்று கேட்டால் தலைமையாசிரியர் பழையபடி அடுத்த மாதம், அடுத்த வருஷம் என்கிறார். வந்தவர் இளைஞர், வேகம் அதிகம். வாரா வாரம் பரீட்சை, நாள்தோறும் வீட்டுப்பாடம். பழைய தோழிகள் வக்கீலுக்குத் தொலைபேசியில் அழைத்து, எங்கள் நிம்மதியைக் கெடுத்துவிட்டாயே பாவி என்று முறை போட்டுத் திட்டினார்கள். விளையாட்டு வாத்தியார் மட்டும் அவளை வாழ்த்தியதாகச் செய்தி வந்தது.

வக்கீலின் பாடு வேறு மாதிரி இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கப் பழகினாள். வகுப்பில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, தன் தெருவில் தான் கெட்டிக்காரி, இங்கே இருப்பவர்களுக்கு இரண்டு வருஷம் வாத்தியார் கூடுதலாக இருந்திருக்கிறார். முதல் கணக்குப் பரீட்சையில் கடைசியிலிருந்து எண்ணினால் சட்டென்று அவள் பெயர் வந்துவிடும். குருவி மேலே எங்கோ இருந்தாள். விடைத்தாளைப் பார்த்த வக்கீலுக்கு யாரோடு சண்டை போடுவது என்றே தெரியவில்லை. கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கேமரா எதுவும் இல்லாமல், நன்றாக அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது குருவி நகர்ந்து இடம் விட்டாள். தன் விடைத்தாளை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள். மதிய இடைவேளைகளில் இருவரும் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து விட்ட பாடங்களைப் பின்னாலிருந்து பிடிக்கத் தொடங்கினார்கள். குருவி சொல்லித் தருவாள், வக்கீல் ஒவ்வொரு வரிக்கும் மறுப்புச் சொல்வாள். குருவி சிரித்ததை விடுதிப் பெண்கள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

ஒருநாள் வகுப்பில் கணக்கு ஆசிரியை பலகை நிறைய எழுதி முடித்து, சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டு, எல்லோருக்கும் புரிந்ததா என்று கேட்டார். புரிந்தது என்று வகுப்பு ஒரே குரலில் சொன்னது. வக்கீல் கையைத் தூக்கினாள்.

"எனக்குப் புரியல மேடம்."

"எந்த இடத்துல?"

"முதல் வரியிலிருந்தே."

பின்வரிசையில் யாரோ அலுப்போடு பெருமூச்சு விட்டார்கள். ஆசிரியை பலகையை முழுதாக அழித்தார், மறுபடி மேலே இடது மூலையிலிருந்து எழுதத் தொடங்கினார். வக்கீல் ஒருமுறை திரும்பி, பெருமூச்சு விட்டவர்களை நிதானமாகப் பார்த்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.